ஒரு நிமிடம் ஐம்பது விநாடிக்குப் பிறகு

கேளிக்கைப் பூங்காவின் இந்த நடன மண்டபத்தில் நடுநாயகமாக வீற்றிருந்து, எங்கள் கூச்சலையெல்லாம் ஒரு சின்ன மரச்சுத்தியலால் அடக்கிக்கொண்டிருக்கும் ஊர்மன்றத் தலைவி மார்ஜரி டிரெக்ஸ்லர் அம்மையார் அவர்களே! நம் ஊர் மவுண்ட் ஓரின் மண்ணுக்குள் இறங்கிக் கரி வெட்டிக் களைத்து, இன்று மூச்சு வாங்க வாங்க முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் மூத்த சுரங்கத் தோழர்களே! தேவாலயத்து அடுக்களையில் உருளைக்கிழங்கு அடைத்த பைரோகிக் கொழுக்கட்டைகளை ஆயிரம் ஆயிரமாய் மடித்து, ஊரையே உட்காரவைத்து ஊட்டிய தாய்மார்களே! மணியடித்தால் மனைவி பரிமாறிய தட்டையும் விட்டுவிட்டு ஓடுகிற தன்னார்வத் தீயணைப்புப் படைத் தம்பிகளே! பின்சுவரோரம் ‘புது வண்டி வேண்டும்’ என்று பலகை பிடித்து நிற்கும் பள்ளிக்கூடத்துச் சிங்கங்களே! என் எதிரே அமர்ந்திருந்தாலும் எனக்கு எதிரி அல்லாத பூங்கா மேலாளர் கிரெய்க் லண்ட்ஹோம் அவர்களே! உங்கள் அத்தனை பேரையும் இந்தப் பெர்னார்ட் ஹூடாக் தொப்பியைக் கழற்றி வணங்குகிறேன்.

எனக்கு மேடை பழக்கமில்லை. உயரம் பழக்கம். எண்பத்துநான்கு அடி உயரத்தில் கைப்பிடியில்லாமல் நடப்பவன், இந்த மூன்றடி மேடையில் கைப்பிடி தேடுகிறேன். சிரிக்காதீர்கள், இங்கே ஏறிப் பார்த்தால் தெரியும்!

நாம் எதற்காகக் கூடியிருக்கிறோம்? பூங்காவின் ராட்டினங்கள் பூங்காக்காரர்களுக்குச் சொந்தம். நடுவில் இருக்கும் ஓக் மரத் தோப்பு ஊருக்குச் சொந்தம். அந்த மரங்களை வெட்டி, அவற்றின் நிழலில் கிடக்கும் சாப்பாட்டு மேசைகளை அகற்றி, இருநூற்றுப் பத்தடி உயரத்தில் எஃகு ரோலர் கோஸ்டர் ஒன்றை நிறுத்தலாமா, கூடாதா? இன்னும் சற்று நேரத்தில் தலைவி அம்மையார் கேட்பார். நீங்கள் கை தூக்குவீர்கள். அவ்வளவுதான் விஷயம்.

என்ன டேரில்? எழுந்தே நின்றுவிட்டாயே, சத்தமாகச் சொல், எல்லாருக்கும் கேட்கட்டும்!

“பெர்னார்ட்! அந்தப் புது வண்டிக்கு நீதானேய்யா தலைமை மெக்கானிக்கு? அத மொதல்ல சொல்லிட்டுப் பேசு!”

சொல்கிறேன் டேரில், மறைக்கிற ஆள் நானில்லை. ஆம், நான்தான்! திட்டத்தின் முதல் பக்கத்திலேயே என் பெயர் இருக்கிறது. முப்பத்தொரு வருடம் திருகுசாவியும் கையுமாக அலைந்தவனுக்கு, வாழ்க்கையில் ஒரே ஒரு முறை வந்த வாய்ப்பு அது. ஏப்ரல் மாதம் அந்தத் திட்டத்தை ஆதரித்து இதே மண்டபத்தில் கையெழுத்துப் போட்டவனும் நான்தான். அந்தக் கையெழுத்துப் போட்ட கைதான் இன்று ஒலிபெருக்கியைப் பிடித்திருக்கிறது. ஏன் என்று கேளுங்கள்!

முதலில் என் பெருமையைக் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன், பொறுத்தருளுங்கள். ‘பெரிய அகதா’! நம் ஊர் ரோலர் கோஸ்டர்! சுரங்கத்துக்கு முட்டுக்கொடுக்க மரம் அறுத்த தச்சர்கள் எழுப்பிய எண்பத்துநான்கு அடி மரக்கோட்டை! பெயரைச் சொன்னாலே பக்கத்து மாவட்டத்துப் பையன்கள் பின்வாங்குவார்கள். தினமும் காலை ஆறு மணிக்கு அவள் தண்டவாளத்தின்மேல் முனைக்கு முனை நடப்பவன் நான். அவளிடம் எனக்குத் தெரியாத ஆணி உண்டா? நான் தட்டிப் பார்க்காத பலகை உண்டா? எந்த வளைவில் முனகுவாள், எந்த மழைக்கு உப்புவாள், எந்த வெயிலுக்குச் சுருங்குவாள் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேளுங்கள், சொல்வேன்! முப்பத்தொரு வருடத்தில் அவள் மடியில் ஏறிய ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. மார்தட்டிச் சொல்கிறேன், இந்த மாநிலத்தில் அவளைப்போல ஒருத்தி இல்லை!

ஆகவே, ‘கிழவனுக்கு வேகம் பிடிக்காது’ என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். வேகம் என் சோறு. வேகம் என் சம்பளம்.

பின்னாலிருந்து ஒரு சிங்கம் கர்ஜிக்கிறது. “அப்புறம் ஏன் சார் எதுக்கறீங்க?” நல்ல கேள்வி தம்பி. நான் ஒன்று கேட்கிறேன், பதில் சொல். அகதாவில் ஏறி இறங்க எவ்வளவு நேரம் ஆகும்?

“ரெண்டு நிமிஷம்!”

ஒரு நிமிடம் ஐம்பது விநாடி! கடிகாரம் வைத்துப் பார்த்தவன் சொல்கிறேன். பத்து முறை ஏறினாலும் இருபது நிமிடம் ஆகாது. ஆனால் உன் அம்மா அப்பா காலையில் பத்து மணிக்கு வருகிறார்கள், இரவு எட்டு மணிக்குப் போகிறார்கள். மீதி ஒன்பதரை மணி நேரம் எதற்காக இங்கே இருந்தார்கள்? எந்த வேகத்துக்காக? எந்த உயரத்துக்காக? இந்தக் கேள்வியை முப்பது வருடம் நான் கேட்டதேயில்லை ஐயா. தண்டவாளத்தைப் பார்த்து நடந்தவன், தோப்பைப் பார்க்கவேயில்லை.

மே மாதம் நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் வாங்கவிருந்த வண்டியைப் போலவே ஒன்று பக்கத்து மாநிலத்துப் பூங்காவில் ஓடுகிறது. “போய் ஏறிப் பாத்துட்டு வா பெர்னார்ட், சம்பளத்தோட ஒரு நாள் லீவு” என்று அனுப்பினார் லண்ட்ஹோம். போனேன். ஏறினேன். அடேயப்பா! உச்சியில் ஒரு நொடி நின்றது பாருங்கள், அப்போது என் உயிர் என்னிடம் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டது. ஐம்பத்தெட்டு வயது மெக்கானிக், முப்பத்தொரு வருட அனுபவம், “அம்மா!” என்று அலறினேன். தாய்மார்களே, கேலி செய்யாதீர்கள், நீங்களும் அலறுவீர்கள்!

இறங்கினேன். முகமெல்லாம் சிரிப்பு. யாரிடமாவது சொல்ல வேண்டுமே! சுற்றிப் பார்த்தேன். இறங்கியவர்கள் அடுத்த வரிசையில் போய் நின்றுவிட்டார்கள். நின்றவர்கள் கைபேசியைப் பார்க்கிறார்கள். உட்கார ஒரு மேசை இல்லை, சாய ஒரு மரம் இல்லை. வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுபோகவும் கூடாதாம். குப்பை பெருக்கிக்கொண்டிருந்த ஒருவரைப் பிடித்துக்கொண்டேன். “ஐயா, இப்பத்தான் எறங்கினேன்! அந்த உச்சியில ஒரு நொடி நிக்குது பாருங்க…” என்று ஆரம்பித்தேன். அவர் சொன்னார்: “சார், கொஞ்சம் காலைத் தூக்குங்க.”

சிரிக்கிறீர்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வாழ்நாளின் மிகச் சிறந்த பயணத்தை, காருக்குள் தனியாக உட்கார்ந்து, ஆறிப்போன ரொட்டியோடு சேர்த்து விழுங்கிவிட்டு வந்தேன். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. வண்டி வரட்டும் என்றுதான் இருந்தேன்.

புத்தி வந்தது ஜூலையில், சுரங்கத் தொழிலாளர் நாளன்று. உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனால் என் பங்கு உங்களுக்குத் தெரியாது.

நம் தோப்பின் சட்டம் எந்தப் பலகையிலும் எழுதவில்லை. காலையில் வாயில் திறந்ததும் வருவீர்கள். பிடித்த மேசையில் விரிப்பை விரிப்பீர்கள். காற்றில் பறக்காமல் ஊறுகாய் ஜாடி ஒன்றை மேலே வைப்பீர்கள். பிறகு வீட்டுக்குப் போய்ச் சமையலை முடிப்பீர்களோ, ராட்டினத்துக்கே போவீர்களோ, நண்பகல்வரை அந்த மேசையை ஒருவரும் தொடமாட்டார். தொட்டதாகச் சரித்திரம் இல்லை!

லண்ட்ஹோம் அவர்களுக்கு அது முதல் கோடை. ஒன்பது மணிக்குத் தோப்புக்கு வந்தார். அறுபது மேசை, அறுபது விரிப்பு, ஆள் ஒருவரும் இல்லை. “நேத்து வந்தவங்க மறந்துட்டுப் போயிட்டாங்க போல. பத்திரமா எடுத்து வைங்க, தேடி வருவாங்க” என்று நல்ல மனதோடுதான் சொன்னார். விரிப்பெல்லாம் மூட்டையாகி, ஜாடியெல்லாம் வரிசையாகி, இதோ நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்தத் தரைக்கு வந்து சேர்ந்தன. நான் எங்கே இருந்தேன் தெரியுமா? அகதாவின் உச்சியில்! எல்லாவற்றையும் பார்த்தேன். ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். ‘நமக்கென்ன, நம் வேலை தண்டவாளம்’ என்று இருந்துவிட்டேன். அவர் வெளியூர், தெரியாமல் செய்தார். நான் உள்ளூர், தெரிந்தே சும்மா இருந்தேன். அதற்கு இன்று உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

நண்பகல் ஆனது. அறுநூறு பேர் பானையும் தட்டுமாக வந்து சேர்ந்தீர்கள். மேசைகள் மொட்டையாகக் கிடந்தன. பிறகு நடந்தது இருக்கிறதே, அது உலகத்தில் வேறெங்கும் நடக்காது. அறுபது காலி மேசை, அறுநூறு பசித்த வயிறு, ஒருவர்கூட உட்காரவில்லை! ஏன்? விரிப்பில்லாத மேசை யாருடையதோ!

“இது உங்க மேசைதானே ஜாய்ஸ்?”

“எங்களுது மாதிரிதான் இருக்கு. ஒருவேளை உங்களுதா இருந்தா?”

“எங்களுதா இருந்தாலும் பரவால்ல, நீங்க உக்காருங்க.”

“ஐயையோ, அது எப்படி? நீங்க நிக்கும்போதா!”

லண்ட்ஹோம் ஓடிவந்தார், வியர்த்துக் கொட்ட. “எல்லா மேசையும் காலியாத்தானே இருக்கு! தயவுசெஞ்சு உக்காருங்க!” முன்வரிசையில் இருக்கிறாரே நம் ஸ்டீவ் மேட்ஸ்கோ, அவர்தான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “தம்பி, காலியா இருக்கறதுதான் பிரச்சனையே.”

கொதிக்கிற முட்டைகோஸ் பானையைப் பிடித்துக்கொண்டு, ‘நீங்கள் உட்காருங்கள், நீங்கள் உட்காருங்கள்’ என்று கை சுட நின்ற கூட்டம் ஐயா இது! இதைவிடப் பெருமை இந்த ஊருக்கு என்ன வேண்டும்? இருநூற்றுப் பத்தடி எஃகு இதைவிட உயரமா?

கை தட்டாதீர்கள்! கையைக் கொஞ்சம் பத்திரமாக வைத்திருங்கள், தூக்க வேண்டியிருக்கிறது.

கடைசியில் நம் தலைவி அம்மையார்தான் பட்டென்று போட்டு உடைத்துச் சொன்னார்: “கையில கெடச்ச விரிப்ப எடுங்க, கெடச்ச மேசையில போடுங்க, பக்கத்துல யார் உக்காந்திருந்தாலும் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்க!” அவ்வளவுதான். யார் விரிப்பில் யாரோ, யார் பைரோகி யார் வாயிலோ! அகதாவின் வரிசையில் ஆளே இல்லை. காலி வண்டியை எத்தனை நேரம் ஓட்டுவது? கோபமாகத்தான் இறங்கி வந்தேன். இடம் கிடைத்தது இர்மா பென்சிங்கர் அம்மையாருக்குப் பக்கத்தில்.

இர்மா அம்மையாரை உங்கள் எல்லாருக்கும் தெரியும். அகதா இறங்குமிடத்துப் பெஞ்சில், மடி நிறையத் தொப்பி, கை நிறையக் கண்ணாடி, குடும்பத்தார் கழற்றிக் கொடுத்த பல்செட்டுகூடக் கைக்குட்டையில் முடிந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முப்பத்தொரு வருடம் பார்த்திருக்கிறேன். ஒரு வார்த்தை பேசியதில்லை. ஏறாதவரிடம் எனக்கென்ன பேச்சு என்ற திமிர்!

அன்று அவர் கேட்டார்: “ஏம்ப்பா, நீ போய் ஏறினியாமே அந்தப் புது வண்டியில? எப்படி இருந்துச்சு?”

கேட்டாரே! இரண்டு மாதமாக ஒருவரும் கேட்கவில்லை. கரண்டியை வைத்தேன். ஏறிய கதையைச் சொன்னேன், உச்சியில் நின்ற கதையைச் சொன்னேன், ‘அம்மா’ என்று அலறியதை அலறியே காட்டினேன். மேசை குலுங்கியது. இன்னொரு மேசை திரும்பியது. குழந்தைகள் “மறுபடி அலறுங்க மாமா” என்றன. மறுபடி அலறினேன். சத்தியமாகச் சொல்கிறேன், மே மாதம் கிடைக்காத சந்தோஷம் எனக்கு அந்த ஜூலை மேசையில்தான் கிடைத்தது!

பிறகு கேட்டேன், “நீங்க ஏன்மா ஒரு தடவகூட ஏறல? பயமா?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “போடா பைத்தியக்காரா. நானும் ஏறிட்டா, இவங்கல்லாம் எறங்கி வந்து யார்கிட்ட கதை சொல்லுவாங்க?”

அவையோரே! முப்பத்தொரு வருடம் ஆணி தட்டிய எனக்கு, அந்தக் கேள்வி உச்சந்தலையில் ஆணி அடித்தது. எதற்காக வருகிறார்கள் என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. ஒரு நிமிடம் ஐம்பது விநாடி உயரத்தில் பறக்கிறோம். மீதி நாளெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிப் பறக்கிறோம். கேட்க ஆள் இல்லாவிட்டால் அந்த அலறல் எதற்கு? சிரிக்க ஆள் இல்லாவிட்டால் அந்தப் பயம் எதற்கு? இந்த உயரம் இருந்தால்தான் ஏறலாம் என்று அகதாவின் வாசலில் பலகை இருக்கிறது. இதயம் பலவீனமா, ஏறாதே. பிள்ளை வயிற்றிலா, ஏறாதே. தோப்பின் வாசலில் அப்படி ஒரு பலகை உண்டா? மூச்சிழுக்கும் ஸ்டீவுக்கு அங்கே இடமுண்டு! முழங்கால் தேய்ந்தவருக்கு இடமுண்டு! தொட்டில் குழந்தைக்கு இடமுண்டு! வெறும் வேகத்தை விற்கும் இடத்துக்குப் பெயர் பூங்கா அல்ல. வேகத்திலிருந்து இறங்கி வந்தவனுக்கு ‘வா, உட்கார், எப்படி இருந்தது சொல்’ என்று கேட்கும் இடத்துக்குப் பெயர்தான் பூங்கா!

டேரில், உன் கேள்விக்கு வருகிறேன். இன்று காலை லண்ட்ஹோம் அவர்களின் அறைக்குப் போனேன். “என் பேர அடிச்சுடுங்க” என்றேன். அவர் நல்ல மனிதர், ஒளிக்காமல் சொன்னார்: “பெர்னார்ட், வேற எடம் கெடையாது. தோப்பு நின்னா வண்டி வராது. இன்னொரு வண்டி உன் காலத்துல வரவே வராது. புரிஞ்சுதான் சொல்றியா?” புரிந்துதான் சொன்னேன். பேனாவை வாங்கி நானே அடித்தேன். வலித்ததா? வலித்தது. அந்த வண்டியை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

பின்னால் நிற்கும் சிங்கங்களே, உங்கள் ஆசை தப்பில்லை. அது என் ஆசையும்தான். பக்கத்து மாநிலம் இரண்டு மணி நேர ஓட்டம். வருகிற சனிக்கிழமை என் பழைய வேனில் எட்டுப் பேருக்கு இடமிருக்கிறது. பலகை பிடித்தவர்களுக்கு முன்னுரிமை. ஏறுங்கள், அலறுங்கள், இரண்டாம் முறையும் ஏறுங்கள். ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து ஊருக்குச் சொல்லுங்கள். உட்கார்ந்து கேட்க நாங்கள் இருக்கிறோம்.

இத்தனை நேரம் இந்த எண்ணெய்க் கைக்காரனின் பேச்சைப் பொறுத்துக்கொண்ட பெரியோர்க்கும், தாய்மார்க்கும், இடைமறித்துப் பேச்சுக்கு உரம் போட்ட டேரிலுக்கும் என் உளமார்ந்த நன்றி. எல்லோரும் நலமாக இருங்கள், இங்கேயே இருங்கள். தலைவி அம்மையாரே, இனி நீங்கள் கேட்கலாம். தோப்பு நிற்க வேண்டும் என்பவர்கள் யார் யார்? இதோ, முதல் கை என்னுடையது.