நாற்பது கால் சிப்பு

எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள், அன்னூர்ப் பேருந்தில் என் முன்னிருக்கையில் பம்பு பட்டறை முதலாளி ஒருவரும், அவருக்குக் கம்ப்யூட்டரில் வரைபடம் போட்டுத் தரும் பெண்ணும் பேசிக்கொண்டு வந்தனர்.

“என்ற கம்ப்யூட்டர்ல இருந்த கணக்குச் சிப்பைப் புடுங்கி லெட்டர் அடிக்கற மெஷின்ல மாட்டிப்போட்டீங்களாங்க?”

“அதுவும் வேகமா ஓடட்டும்னுதான் அம்மணி. உன்ற மெஷின்லதான் பெரிய சிப்பு இருக்குதில்ல?”

“தசமப்புள்ளி வெச்ச கணக்கு வந்தா பெரிய சிப்பு அதைப் பக்கத்துல இருக்கற கணக்குச் சிப்புகிட்ட உட்டுப்போட்டு, விடை வர்ற வரைக்கும் காத்திருக்குமுங்க. லெட்டர்ல அந்தக் கணக்கே இல்லீங்க. அங்க அது சும்மா குந்தியிருக்குது. இங்க அது இல்லாம வரையற புரோகிராமே தொறக்க மாட்டேங்குதுங்க. நாளைக்குப் படம் குடுக்காட்டி ஆர்டர் போயிருமுங்க.”

“சரி, போனதும் திருப்பி மாட்டிக்கோ.”

“புடுங்கறப்ப சிப்போட கம்பிக்கால் ஒண்ணும் ஒடியலீங்களே?”

முதலாளி சன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“ரெண்டுதான் ஒடிஞ்சுது. மிச்சம் முப்பத்தெட்டு இருக்குதில்ல அம்மணி.”