மலையேறிய வெங்காயம்

போர் ஓய்ந்து யாழ்ப்பாணப் பாதை திறந்த வருடம். பதுளையிலிருந்து பசறை போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில், ஊருக்குப் போய்த் திரும்பிய யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர், மடியில் மூட்டையுடன். பக்கத்தில் தேயிலைத் தோட்டத்து அம்மா ஒருவர்.

"ஊரில பசியோட கிடப்பினம் எண்டு உருளைக்கிழங்கும் லீக்ஸும் சுமந்துகொண்டு போனன். வெக்கமாப் போச்சு," என்றார் டீச்சர்.

அதன் பிறகு ஜன்னல் பக்கம் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

"ஏங்க டீச்சர்? உங்க அம்மா நல்லா இருக்காங்கதானே?" என்று கேட்டார் தோட்டத்து அம்மா.

"இருக்கிறா. வீட்டுக்குக் கூரைதான் இல்லை, ஓலை போட்டிருக்கினம். ஆனா வீட்டைச் சுத்தி வளவு முழுக்க வெங்காயம்."

"வெத யாருங்க குடுத்தது?"

"ஒருத்தரும் இல்லை. ஊர்ச்சனமே தூர்ந்த கிணறுகளை இறைச்சு, கிடைச்ச கொஞ்ச வெங்காயத்தை நட்டிருக்கினம். முதல் போகத்தில ஒண்டும் கறிக்கு எடுக்கேல்லையாம். அவ்வளவும் விதைக்கு."

"நம்ம லயத்து வீட்டுல கூரை ஒழுகினா, தோட்டத்து தொர வந்து பாக்கட்டும்னு சட்டிய வச்சுட்டு உக்காந்திருக்கோம்," என்று அந்த அம்மா சிரித்தார். "அப்ப இந்த மூட்டை?"

"இது ரெண்டாம் போகம். வேண்டாமெண்டு சொன்னன், அம்மா விடேல்லை." டீச்சர் சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "'அந்த மலையில உனக்குத் தின்ன என்ன கிடைக்குதோ எண்டு நான் அழாத நாளில்லை, கொண்டு போ' எண்டவ."