மதிலை மறைத்த லொறி

"சரியா என் மூஞ்சிக்கு முன்னால கொண்டாந்து லொறிய நிப்பாட்டிருக்கான் பாருங்க!"

பசறை பஸ்ஸில் எனக்கு முன்சீட்டுப் பெண் சொன்னாள். பக்கத்தில் கணவர். அவர் போனில் பதுளைச் சுவரோவியங்களுக்கான மேப் திறந்திருந்தது.

"மேப்பு சரியாத்தான் கூட்டிட்டுப் போச்சு. லொறி நிக்கும்னு அதுக்கென்ன தெரியும்?"

"படம் வரையிற புள்ளைக நம்ம தேயில மலைக்கு வந்து என்னைய போட்டோ எடுத்துச்சுக. மதில்ல வரைஞ்சாச்சுன்னாங்க. ஒருநாள் வேலைய விட்டுட்டு வந்தா, கை மட்டுந்தான் தெரியுது."

"அது உன் கைதான்னு எப்படிச் சொல்ற?"

"வெரல்ல துணி சுத்திருக்குல்ல? கொழுந்து எடுக்கையில வெட்டாம இருக்க நான் சுத்துறது. அதையும் விடாம வரைஞ்சிருக்குதுக."

அவர் போனில் வெகுநேரம் எதையோ தட்டினார்.

"என்ன செய்றீங்க?"

"மேப்புல அந்தப் படத்துக்குக் கீழ யாரும் எழுதலாமாம். எழுதிட்டேன்."

"என்னன்னு?"

அவர் வாசித்தார். "தயவுசெஞ்சு இங்க லொறி நிப்பாட்டாதீங்க. பின்னால என் சம்சாரம் நிக்குது."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் இரண்டு வளைவுகளைத் தாண்டியது.

"என் பேரையும் போடுங்க" என்றாள்.