இடது கால் பிரேக்

மிக்காபி காவல் நிலையம். 2018 நவம்பர் 19, திங்கட்கிழமை, காலை 9.10 மணி. பதிவு செய்தவர்: சார்ஜென்ட் உட்சுமி.

என் பெயர் தகாபயாஷி சுமியே, வயது 69. கணவர் பெயர் தட்சுவோ, வயது 76. ஹமமாட்சு நகரம், மிக்காபி, ஏரிக்கரைத் தெரு 12ஆம் எண் வீட்டில் இருவரும் குடியிருந்து வருகிறோம். கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பதினொரு வருடம் மோட்டார் சைக்கிள் மீட்டர் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். 1968இல் வாங்கிய பெரிய மோட்டார் சைக்கிள் உரிமம் இன்றும் செல்லும். இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கும்படி யாரும் என்னை மிரட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. கொடுக்காதே என்று கெஞ்சியவர் ஒருவர் உண்டு. அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

நேற்று ஞாயிறு காலை பத்தேகால் மணிக்கு, எங்கள் தெரு குமே அம்மாளின் கமலா ஆரஞ்சுக் கடையில் (டப்பாவில் காசு போட்டுவிட்டு எடுத்துப்போகும் ஆளில்லாத கடை) மோதிய வண்டி, என் கணவரின் 1967ஆம் வருட கவாசாகி டபிள்யூ ஒன் மோட்டார் சைக்கிள். அதை ஓட்டியது அவர் அல்ல. நான்தான் ஓட்டினேன்.

மேற்படி வண்டியை அவர் ஆறு வருடத்துக்கு முன் தென்ரியூ பக்கம் ஒரு கொட்டகையிலிருந்து கொண்டுவந்தார். அப்போது புகைக்குழாயில் எலி குட்டி போட்டிருந்தது, எஞ்சின் அசையவே இல்லை. அதன் பின்னர் சிலிண்டர்களில் மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து ஊற்றி நாற்பது நாள் ஊறவைத்து, பிஸ்டன்களை மரக்கட்டையால் தட்டிக் கழற்றினோம். அதன் பின்னர் வால்வுகள் கசியாமல் உட்காரத் தேய்ப்புப் பசை தடவி, குச்சியில் ஒட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி உருட்டித் தேய்த்தவள் நான். அவர் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தார், ஒரு சொட்டு ஒழுகவில்லை. "ம்" என்றார். சக்கரக் கம்பிகளைக் கோத்ததும் நான். கார்புரேட்டரை என் ஊறுகாய் ஜாடியில் ஊறவைத்தது மட்டும் அவர், அதற்கு நான் மூன்று நாள் பேசவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் அவர் சொல்வது, "என் வண்டி, நானே பிரிச்சு நானே பூட்டினேன்."

வண்டி வேலை முடிந்து மூன்று வருடம் ஆகிறது. வசந்தம் வந்ததும் இரண்டு பேருமாக ஏரியைச் சுற்றி வருவோம் என்று வாக்குக் கொடுத்தார். மூன்று வசந்தமும் வந்துபோயின. ஒவ்வொரு தடவையும், "உள்ள ஒரு சத்தம் கேக்குது சுமி," என்று எஞ்சினை மறுபடி பிரித்துவிடுவார். எனக்கு எந்தச் சத்தமும் கேட்டதில்லை. வண்டி சரியாகிவிடுமோ என்றுதான் மனிதருக்குப் பயம் என்பது என் அபிப்பிராயம்.

நேற்று தெருக்காரர்கள் வாய்க்காலைப் பங்கு பிரித்துச் சுத்தம் செய்தார்கள், அவர் தன் பங்குக்குத் தனியாகப் போயிருந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. வண்டியை வெளியே தள்ளி, நாலாவது உதையில் கிளப்பினேன். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு இருபது வயதாகிவிட்டது, அதை மறைக்க மாட்டேன். அதன் பின்னர் ஏரிக்கரை வழியாக, மெதுவாகத்தான் போனேன்.

இந்த மாடலில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். பிற்பாடு வந்த வண்டிகளுக்கு நேர் எதிர். நான் ஓட்டிப் பழகியதெல்லாம் அந்த மற்ற வகை. இதை அவர் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார், பிரேக் மிதியில் சிவப்பு டேப்பும் ஒட்டியிருக்கிறார். குமே அம்மாள் கடை வளைவில் ஒரு பூனை குறுக்கே வந்தது. நான் வலது காலை மிதித்தேன். கியர்தான் மாறியது, வண்டி நிற்கவில்லை. பூனை தப்பியது, கடை தப்பவில்லை. எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. வண்டியில் எந்தக் குற்றமும் இல்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்து வாய்க்காலிலிருந்து முதலில் ஓடிவந்தவர் என் கணவர். என் தலைக்கவசத்தைக் கழற்றித் தன் தலையில் போட்டுக்கொண்டார். அதன் பின்னர் குமே அம்மாள் வந்து, "ஐயையோ தட்சுவோ அண்ணே, என்ன ஆச்சு?" என்று கேட்டார். "காலு மாறிப் போச்சும்மா. பிரேக்குன்னு நினைச்சு கியரை மிதிச்சுட்டேன். வயசாயிடுச்சுல்ல," என்றார். நான் வாய் திறப்பதற்குள் என் காலை மிதித்தார். அதன் பின்னர் வந்த காவலரிடமும் அதையே சொன்னார்.

அவர் வயதுக்கு இப்படி மிதி மாறினால் ஞாபகச் சோதனைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் உரிமத்தைத் தாமாகவே ஒப்படைத்துவிடலாம் என்று காவலர் சொன்னார். என் கணவர் உரிமத்தை ஒப்படைக்கும் படிவத்தை வாங்கி நிரப்பிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கல்யாணமாகி நாற்பத்தாறு வருடத்தில் குழம்பில் உப்பு கூடியதைக்கூடத் தன் தப்பு என்று ஒத்துக்கொள்ளாத மனிதர், நடுத்தெருவில் என் தப்பைத் தன் தப்பு என்று சொன்னார். அவர் இனி வண்டியே ஓட்டக்கூடாது என்று ஆவது நியாயமில்லை.

இதைச் சொன்ன பிறகும் சார்ஜென்ட் அவர்கள், கணவரைக் காப்பாற்ற நான் பொய் சொல்வதாகச் சந்தேகப்பட்டார். ஆகவே ஒரு சோதனை செய்யும்படி கேட்டுக்கொண்டேன். 9.50 மணிக்குப் பதிவு நிறுத்தப்பட்டது. நிலைய முற்றத்தில் இருந்த வண்டியில், சக்கரம் சுற்றுகிறதா என்று பார்ப்பதாகச் சொல்லி என் கணவரை உட்காரவைத்து, இரண்டு காவலர்கள் பின்னாலிருந்து தள்ளினார்கள். வண்டி நகர்ந்ததும் நான், "ஏங்க, பூனை!" என்று கத்தினேன். அவருடைய இடது கால் மிதித்தது. வண்டி அந்த இடத்திலேயே நின்றது. வலது கால் அசையவில்லை என்பதைச் சார்ஜென்ட் குனிந்து பார்த்தார்.

"எங்கடி பூனை?" என்றார் என் கணவர். அதன் பின்னர்தான் அவருக்கு விளங்கியது. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "சார், அவ மேல ஒண்ணும் எழுதாதீங்க. டேப்பை நான்தான் சின்னதா ஒட்டிட்டேன்," என்றார். படிவத்தை அவர் சட்டைப் பையிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன்.

10.25 மணிக்குப் பதிவு தொடர்ந்தது. கடையைச் சரிசெய்து கொடுப்பதும், எனக்கு விதிக்கப்படும் தண்டனையும் என் பொறுப்பு.

மேற்கண்டதைச் சார்ஜென்ட் வாய்விட்டுப் படித்துக் காட்டினார். என் கணவரையும் உள்ளே உட்கார அனுமதித்தார். எனக்குத் திருத்தம் ஒன்றும் இல்லை என்றேன். என் கணவர் கையைத் தூக்கி, இருக்கிறது என்றார். "ஆரம்பத்துல 'என் கணவரின் டபிள்யூ ஒன்'னு இருக்கு சார். அது தப்பு." ஆவணத்தில் வண்டி அவர் பெயரில்தானே இருக்கிறது என்று சார்ஜென்ட் கேட்டார். "பேப்பர்ல இருக்கட்டும் சார். வால்வு தேய்ச்சது அவ. இங்க 'எங்கள் வண்டி'ன்னு எழுதுங்க."

அந்த வரியின் ஓரத்தில் அவ்வாறே திருத்தப்பட்டது. திருத்தியபடி இதில் உள்ளது அனைத்தும் நடந்தது நடந்தபடியே என்று ஒப்புக்கொள்கிறேன். கையெழுத்துக்குப் பதில் வைக்கும் முத்திரையை வீட்டில் வைத்துவிட்டு வந்தபடியால் பெருவிரல் ரேகை வைக்கிறேன். ரேகையில் தெரியும் கறுப்புக் கோடு எஞ்சின் ஆயில், அது சோப்புக்குப் போகாது.

(ரேகை) தகாபயாஷி சுமியே