பெரியப்பா கை வைத்த தகடு

மேற்படி தகரப் பட்டறைக்காரரின் ஒரே மகள் நான். வயது இருபத்திரண்டு. வேதியியலில் பட்டம் பெற்றுள்ளேன். பட்டறையின் பின்பக்க அறையில் அப்பாவுடன் வசிக்கிறேன். காயம்பட்டவர் அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா.

இரண்டு மாதங்களுக்கு முன்பு பெரியப்பா தம் வீட்டு மீன் தொட்டிக்கு ஸ்டாண்டு கேட்டார். அப்பா இரும்புத் தகட்டில் செய்தார். அதன் பிறகு நான் உப்புத்தாளால் தேய்த்து, கையுறை போட்டுக்கொண்டு, தின்னரில் நனைத்த துணியால் துடைத்தேன். துடைத்த வெறும் தகட்டில் கை படக்கூடாது; பட்டால் வியர்வை உப்பு பெயிண்டுக்கு அடியில் துருவாகும். அப்போது அங்கு வந்த பெரியப்பா அப்பாவிடம், "பரவாயில்லையேடா, உனக்கும் வேலை தெரியுது" என்று சொல்லி மேல் தகட்டில் உள்ளங்கையை அழுத்தி வைத்தார். நான் மறுபடி துடைக்கத் துணியை எடுத்தேன். அப்பா என் காதருகே வந்து, "விடும்மா, அவர் தொட்ட இடத்தத் துடைச்சா தப்பா எடுத்துப்பார்" என்றார். அதன் பிறகு அவர் முன்னிலையிலேயே பிரைமர் என்னும் அடிப்பூச்சை அடித்தோம். மறுநாள் கறுப்பு பெயிண்ட் அடித்துக் கொடுத்தோம்.

நேற்றுக் காலை பத்து மணியளவில் பெரியப்பா அந்த ஸ்டாண்டை வண்டியில் கொண்டுவந்து பட்டறை வாசலில் தள்ளினார். மேல் தகட்டில் பெயிண்ட் உப்பி உரிந்து, ஐந்து விரலும் தெரியத் துரு பிடித்திருந்தது. "உன் மூஞ்சிக்கு எதுக்குடா பட்டறை?" என்று அப்பாவைக் கேட்டார். பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து நின்றார்கள். நான், "அது உங்க கைதான் பெரியப்பா. வச்சுப் பாருங்க" என்றேன். "நாலு எழுத்து படிச்சதும் வாய் நீளுதா? தொட்டி கழுவக்கூட உன்னை எவனும் கூப்பிட மாட்டான்" என்றார். அப்பா, "சின்னப் பொண்ணு, தெரியாம பேசிட்டா. தப்பு என்னோடதுண்ணே" என்று கும்பிட்டார். பெரியப்பா அந்தக் கைகளைத் தட்டிவிட்டார். அப்பா மறுபடியும் கும்பிட்டார். அதன் பிறகு பிரைமர் டப்பா பெரியப்பாவின் நெற்றியில் பட்டது.

எறிந்தது தாம்தான் என்று அப்பா காவல் நிலையத்தில் கூறியிருக்கிறார். அடுத்த வாரம் எனக்கு அரசு ஆய்வகத்தில் நேர்காணல் உள்ளது. என் பேரில் வழக்கு இருந்தால் அந்த வேலை கிடைக்காது என்பதால் அப்படிக் கூறியுள்ளார். எறிந்த நேரத்தில் அப்பாவின் இரண்டு கைகளும் கூப்பியபடி இருந்தன. எறிந்தது நான். அவரை வெளியே விட வேண்டும்.

காவலர் எழுதியதை நானே வாசித்தேன். 'ஆத்திரத்தில் கை தவறி' என்று இருந்ததை அடிக்கச் சொன்னேன். குறி பார்த்துத்தான் எறிந்தேன். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன, உண்மை.

(கையொப்பம்)