பதினொண்ணாம் நம்பர் நோட்டு

— நான் கையெழுத்துப் போட மாட்டேன். இது முடிஞ்ச பேச்சு.

— போடுங்கன்னு நான் எங்க கேட்டேன்? படிங்கன்னுதானே ஃபாரத்தக் குடுத்தேன்.

— படிக்கறதுக்கு என்ன இருக்கு? மேலயே கொட்டை எழுத்துல போட்டிருக்கே, விடுதியோட சேர்ந்த கிளப்னு. அந்த கோச்ச எனக்கு இருபது வருஷமாத் தெரியும். ஒரு பந்து கூடைல விழுந்தா பத்து தடவ முதுகுல தட்டுவார். பசங்களக் கொஞ்சியே கெடுக்கிற ஆளு. இங்க பாரு, உன் காலுக்குப் பக்கத்துல காத்தடிக்கிற பம்பு இருக்கும், எடு.

— இந்தாங்க. ஆஸ்பத்திரி டியூட்டி முடிஞ்சு நர்ஸ் யூனிஃபார்மக் கூட மாத்தாம நேரா வந்திருக்கேன். இத்தன வருஷத்துல உங்க கிரவுண்டு ஸ்டோர் ரூமுக்குள்ள நான் கால் வெச்சதில்ல. அதுக்காவது அந்தப் பந்தக் கீழ வைங்க.

— பத்துப் பந்துல ஆறு காத்து எறங்கிக் கெடக்கு. காலையில பசங்க வந்து நிப்பாங்க. கைதான் வேல செய்யுது, காது சும்மாதான் இருக்கு. நீ பேசு.

— அப்பக் கேளுங்க முதல்ல. உங்க பையன் உங்க டீம விட்டுட்டான்.

— தெரியுதே. நேத்து போர்டுல லிஸ்ட் ஒட்டினேன். பெரிய போட்டிக்குப் போற பன்னெண்டு பேர்ல அவன் பேர் இல்ல. ரோஷம். பதினஞ்சு வயசுல வராம பின்ன எப்ப வரும்? ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவான், மூணாம் நாள் ஷூவ மாட்டிக்கிட்டு வந்துடுவான்.

— லிஸ்டுல அவன் பேர் இல்லாதது நியாயமா?

— கடைசி எடத்துக்கு ரெண்டு பேர் இருந்தாங்க. இவனும், அந்தத் தையல்காரர் பையன் இருக்கானே, பசங்க ஒட்டகம்னு கூப்பிடுவாங்களே, அவனும். ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான்.

— ஒரே மாதிரியா? என் தலைல அடிச்சுச் சொல்லுங்க.

— சரி. நம்ம பையன் ஒரு படி மேல. ஒரு படிதான். ஆனா அவன் பேர எழுதினா வெளியில என்ன பேசுவாங்க? கோச் தன் புள்ளைக்கு எடம் புடிச்சுட்டார்னு. அந்தப் பேச்சு ஒரு தடவ வந்துட்டா அப்புறம் நான் சொல்ற எதையும் எவனும் நம்ப மாட்டான். பதினெட்டுப் பசங்க ஒருத்தன ஒருத்தன் நம்பணும். அதத்தான் நான் சொல்லிக் குடுக்கறேன். பந்து கூடைல விழறதெல்லாம் அதுக்கப்புறம்.

— அந்தப் பதினெட்டுல பதினொண்ணாம் நம்பர் சட்ட போட்டவன் சேர்த்தி இல்லையா?

— அவனுக்கும் அதே ரூல்தான். ரூல்னா ரூல்.

— அதே ரூல் இல்லீங்க. லேட்டா வந்தா மத்தவனுக்கு ரெண்டு சுத்து, இவனுக்கு நாலு. மத்தவன் விழுந்தா ஓடிப் போய்த் தூக்குவீங்க. இவன் விழுந்தா, எழுந்திரு பதினொண்ணு, எழுந்திருன்னு விசில் ஊதுவீங்க. பேர் சொல்லிக்கூட கூப்பிட்டதில்ல.

— அவன் தாங்குவான்னு எனக்குத் தெரியும்.

— எப்படித் தெரியும்? கேட்டீங்களா?

— கேக்கணுமா என்ன? பெத்தவனுக்குத் தெரியாதா?

— மொத நாள் அவன இந்த கிரவுண்டுல நிக்க வெச்சு என்ன சொன்னீங்க? இந்த வெள்ளக் கோட்டத் தாண்டிட்டா நான் அப்பா இல்ல, கோச்னு சொன்னீங்க. ஒன்பது வயசுப் புள்ள அது. வீட்டுக்கு வந்து என்கிட்டக் கேட்டான், 'கோட்டு மேலயே நின்னா யாரும்மா'ன்னு. நான் சிரிச்சேன். அறிவு கெட்டவ, விழுந்து விழுந்து சிரிச்சேன்.

— இங்க பாரு, எல்லாத்தையும் என் தலைல கட்டாத. வீட்ல பந்துப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு? நீதானே?

— நான்தான். உப்பு டப்பா ஒரு ஆளு, டம்ளர் ஒரு ஆளுன்னு சாப்பாட்டு மேசையிலயே மேட்ச் நடத்துவீங்க. ஆறிப் போன சோத்த முன்னாடி வெச்சுக்கிட்டு புள்ள உங்க வாயையே பார்த்துக்கிட்டிருக்கும். எனக்கு அலுத்துப் போச்சு. நாள் பூரா வார்டுல நின்னுட்டு வர்றவளுக்கு வீட்லயாவது வேற பேச்சு வேணும்னு இருந்துச்சு. அதனால போட்டேன். இல்லன்னு சொல்லலையே.

— அப்புறம் என்ன?

— அதுக்காகத்தான் வந்திருக்கேன். உங்கள மட்டும் திட்டறதா இருந்தா போன்லயே திட்டியிருப்பேன். கேளுங்க முதல்ல. இந்த ஃபாரத்துல இருக்கறது போன வாரத் தேதி. லிஸ்ட் ஒட்டினது நேத்து. நீங்க அவனக் கழிச்சு விடறதுக்கு முன்னாடியே அவன் உங்கள விட்டுட்டான்.

— போன வாரமா? போன வாரம் என்ன கொறைச்சல்? ஒரு பாயின்ட் வித்தியாசத்துல ஜெயிச்சோமே. கடைசி பாஸ் குடுத்ததே அவன்தான்.

— நல்லாக் குடுத்தானா?

— நல்லாவா? அப்படி ஒரு பாஸ நான் ஆடின காலத்துலயே குடுத்ததில்ல. ரெண்டு பேர் மலை மாதிரி மறிச்சு நிக்கறாங்க. இவன் பார்க்கறது ஒரு பக்கம், பந்து போறது வேற பக்கம்.

— அத அவன்கிட்டச் சொன்னீங்களா?

— அங்க வெச்சு எப்படிச் சொல்றது? எல்லாரும் நிக்கறாங்க.

— வீட்ல?

— வீட்ல… நீதான்…

— ஆமா. நான்தான். சரி, நோட்டுல எழுதினீங்களா? எல்லாருக்கும் எழுதுவீங்களே.

— எழுதுவேன், சனிக்கிழமையானா. வரிசையா வந்து நிப்பாங்க. ஆளுக்கு ஒரு நோட்டு, ஆளுக்கு ஒரு வரி. இந்த வாரம் எது நல்லா வந்துச்சு, எதத் திருத்திக்கணும். அந்த ஒரு வரிய வெச்சுக்கிட்டு வாரம் பூரா ஓடுவானுங்க. ஒட்டகம் அதத் தலைமாட்டுல வெச்சுக்கிட்டுத்தான் தூங்கறானாம், அவங்கம்மா சொன்னாங்க.

— நம்ம பையன் வரிசைல நிப்பானா?

— நின்னான். எப்பவும் கடைசி ஆளா நிப்பான். அவன் முறை வந்ததும், உனக்கு வீட்ல சொல்றேன்டான்னு பேனாவ மூடிடுவேன். சொந்தப் புள்ளைக்கு நல்லதா எழுதினா அடுத்தவன் எட்டிப் பார்ப்பான். கொஞ்ச நாள்ல அவனே நிக்கறத விட்டுட்டான்.

— எவ்வளவு நாளாச்சு?

— மூணு வருஷம் இருக்கும்.

— இந்தாங்க. காலையில விரிப்ப மாத்தும்போது அவன் மெத்தைக்கு அடியில இருந்துச்சு. கண்ணாடிய மாட்டிக்கிட்டுப் படிங்க.

— இது நம்ம டீம் நோட்டுதான், நான் வாங்கிக் குடுத்தது. 'இடது கை இன்னும் பழகணும். ஆனா இன்னிக்குத் தலைய நிமித்தி ஆடினான்.' இது என் எழுத்தாச்சே.

— அடுத்தது.

— 'நாலு ஃப்ரீ த்ரோ விட்டான். அம்பது தண்டால்.' ம்… 'தோத்ததுக்கு நீ காரணம் இல்ல. போய்த் தூங்கு.' எல்லாம் என் எழுத்துதான். தேதிக்குக் கீழ ரெண்டு கோடு போடறது நான்தான். ஆனா இத நான் எப்ப எழுதினேன்?

— நீங்க எழுதல.

— இல்ல, பாரு, இது என்…

— அவன் எழுதினது. மூணு வருஷமா, வாரா வாரம். ஒட்டகத்தோட நோட்ட வாங்கிட்டு வந்து, அதப் பார்த்துப் பார்த்து உங்க எழுத்தப் பழகியிருக்கான். தண்டால்னு எழுதின அன்னிக்கெல்லாம் பாத்ரூம் கதவச் சாத்திக்கிட்டு எடுத்திருக்கான். மூச்சு வாங்கற சத்தம் எனக்குக் கேக்கும். வயிறு சரியில்ல போலன்னு மாத்திர குடுத்தேன். இந்த லட்சணத்துல எனக்கு நர்ஸ் உத்தியோகம்.

— 'காய்ச்சலோட வந்து ஆடினான். யார்கிட்டயும் சொல்லல. எனக்குத் தெரியும்.' இவனுக்கு எப்பக் காய்ச்சல் வந்துச்சு?

— உங்களுக்குத் தெரியாதுல்ல? அதனாலதான், தெரியும்னு எழுதி வெச்சுக்கிட்டான்.

— போதும். என்னால முடியல.

— கடைசிப் பக்கத்தையும் பார்த்துடுங்க. போன வாரம்.

— தேதி போட்டிருக்கான். ரெண்டு கோடு. அவ்வளவுதான். ஒண்ணும் எழுதல.

— அன்னிக்கு ஜெயிச்சுட்டு ரொம்ப நேரம் கிரவுண்டுலயே இருந்தானாம். ஷூக் கயித்த அவுக்கறது, கட்டறது, திரும்ப அவுக்கறது. ஒட்டகம் சொன்னான். நீங்க ஒவ்வொருத்தன் தோள்லயும் கை போட்டுப் பேசிட்டு, பந்து மூட்டையத் தூக்கிக்கிட்டு இவனத் தாண்டிப் போனீங்களாம். அதுக்கு மேல அவனுக்கு உங்க மாதிரி எழுத வரல போல.

— அந்த ஃபாரத்தக் குடு. கிழிச்சுப் போடறேன். வா, இப்பவே வீட்டுக்குப் போலாம். லிஸ்ட மாத்த மாட்டேன், ஒட்டகம் என்ன பாவம் பண்ணான். ஆனா அந்த பாஸப் பத்தி அவன்கிட்டச் சொல்றேன். உக்கார வெச்சு முழுசாச் சொல்றேன். உன் சட்டமும் வேணாம், என் ரூலும் வேணாம். என் புள்ளடி அவன். குடு அத.

— கிழிங்க. அது நகல்தான். கிளப்ல இருந்து போன்ல அனுப்பினத ஆஸ்பத்திரி ஆபீஸ்ல பிரிண்ட் எடுத்தேன். கிழிக்கறதுக்கு முன்னாடி கீழ பாருங்க, அப்பா கையெழுத்துன்னு இருக்கற எடத்துல.

— இது… நான் போடலையே.

— மூணு வருஷம் பழகின கைதானே அது.

— அவன் எங்க இப்ப?

— காலையில ஸ்கூலுக்குன்னு பெரிய பையத் தூக்கிட்டுப் போனானே, அது ஸ்கூலுக்கு இல்ல. அந்த கோச் மத்தியானம் எனக்கு போன் பண்ணார், புள்ள நல்லபடியா விடுதிக்கு வந்து சேர்ந்துட்டான்னு. நானும் அவன்கிட்டப் பேசினேன். நல்லா இருக்கான். வந்ததுமே சொல்லியிருந்தா வண்டிய எடுத்துக்கிட்டு அங்க போய்க் கத்துவீங்க. நோட்டப் பார்த்துட்டுப் போங்கன்னுதான் வாய மூடிக்கிட்டிருந்தேன்.

— அந்த ஆளுக்கு ஒரு சந்தேகமும் வரலையா? கோச்சோட புள்ள தனியா வந்து நிக்கறானேன்னு?

— வரல. உங்களத்தான் பெரிய மனசுக்காரர்னு புகழ்ந்தார். 'உங்கப்பா என்னடா சொல்லி அனுப்பினார்'னு அவன்கிட்டக் கேட்டாராம். 'எங்க ஆடினாலும் நீ என் புள்ளடான்னு சொல்லிக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு, விடவே இல்ல, அதான் பஸ்ஸுக்கு லேட்டாயிடுச்சு'ன்னு சொல்லியிருக்கான்.