நல்லதண்ணித் தீவுக்கு நாலு பேர்

"அலோ... அலோ... வேம்பாரா? ஐஸ் கம்பெனியா? தனுஷ்கோடி மச்சானக் கூப்பிடுங்க... ஆமா, அவிய தங்கச்சி மாப்பிள்ள, ராஜபாளையம்..."

மில் ஃபிட்டர் வைகுண்டராஜ் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு எஸ்.டி.டி. பூத்தில் நின்றான். உள்ளூரில் பேசினால் மனைவி வெள்ளத்தாய் காதுக்குப் போய்விடும். மில்லில் கூட வேலை பார்க்கும் கருத்தப்பாண்டி, சங்கரலிங்கம், கிறிஸ்துராஜ் மூன்று பேரோடு, படகுக்காரர் யாருமின்றி, தாங்களே துடுப்புப் போட்டுக் வனத்துறைக் கடல் பூங்காவிலுள்ள நல்லதண்ணித் தீவுக்குப் போய்வர ஏற்பாடு.

"மச்சான்! பாரஸ்ட் ஆபீஸ்ல பெர்மிசன் கெடச்சிட்டா?... ஆங்... ஆங்... நாலு பேருக்கு மட்டுந்தானா? போதும், போதும்... பொழுதடையுமுன்ன திரும்பிரணும், சரி... அடுப்பு மூட்டக் கூடாதா? அப்ப கறிக்கொழம்பு?... சரி சரி, புளிச்சோறு கட்டிக்கிடுதோம்... தண்ணியும் நாமதான் கொண்டு போகணுமா? பேரு நல்லதண்ணித் தீவுங்கிய, குடிக்கத் தண்ணி இல்லங்கிய!... பவளப்பாறை மேல நங்கூரம் போடக் கூடாது, சங்கு பொறுக்கக் கூடாது... ஆமா, ஆமா, எழுதிக்கிட்டேன்."

"துடுப்பா? அதெல்லாம் பழகியாச்சு. மகாராஜபுரம் கம்மாயில மூணு ஞாயித்துக்கெழம... போச்சு மச்சான், நேராத்தான் போச்சு... செத்த தூரம்... பொறவு சுத்துச்சு... கருத்தப்பாண்டி ஒரு பக்கம் இழுக்கான், சங்கரலிங்கம் ஒரு பக்கம் இழுக்கான்... ஆமா, கவுந்துச்சு. இடுப்பளவு தண்ணிதான, எந்திச்சு நின்னுட்டோம்... கடல்ல நிக்க முடியாது, தெரியுது மச்சான்... நீச்சலா?... எனக்கா?..."

வைகுண்டராஜ் குரலைத் தாழ்த்தினான்.

"என்னது? கடல் தெரிஞ்ச ஆளு கூட வந்தாத்தான் படகு தருவியளா?... யாரு, வெள்ளத்தாயா!... தெரியும் மச்சான், பத்து வயசுலயே வல்லத்துல துடுப்புப் போட்டவதான்... அவகிட்ட இன்னும் சொல்லலியே... ஏசாதிய... நான் துடுப்புப் போடுற லெச்சணத்தப் பாத்தா சிரிப்பாளேன்னுதான்... ஆமா, கல்யாணமாகி ஏழு வருசம்... இல்ல, ஒரு தடவ கூட கடலுக்குக் கூட்டிட்டு வரல... அழுதாளா? எப்ப?... எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே..."

பூத் மீட்டரில் ஓடும் எண்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அலோ... இருக்கேன் மச்சான், இருக்கேன்... நாலு பேருல ஒருத்தரக் கழிக்கணும்லா... கருத்தப்பாண்டிய எடுத்தா மில்லுல என்னைய உயிரோட விடமாட்டான்... எம் பேர அடிச்சிருங்க... ஆமா, எம் பேரத்தான். அவ போயிட்டு வரட்டும். நான் கரையில நின்னு பாத்துக்கிடுதேன்... என்னது?... நேத்தே அவ பேர எழுதியாச்சா!... அவளா போன் போட்டா?... யாரு சொன்னா அவளுக்கு?... நம்ம கிறிஸ்துராஜா?... என்னைய நம்பிக் கடலுக்கு வர பயம்னு அவகிட்டப் போயி நின்னானா?... அவனே வெலகிட்டானா?... அடப்பாவி... நல்லாயிருப்பான்..."

"அப்ப எம் பேரு?... இருக்கா? இருக்கா!... எனக்கு என்ன வேலன்னு சொன்னா?... படகுல ஏறுற தண்ணிய எறைக்கவா... துடுப்பத் தொடவே கூடாதுன்னாளா?... சரி மச்சான்... சரி, சரி... வாளி நானே கொண்டாந்திருதேன்... பெரிய வாளியா... அலோ?... அலோ?..."

லைன் அறுந்துபோயிருந்தது. ரிசீவரை வைத்துவிட்டு வைகுண்டராஜ் ராஜபாளையம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.